அட்லாண்டிக்கில் ஒரு நகரப் பேருந்து

நந்தகுமாரும் ரோகிணியும் கல்யாணமான நாளிலிருந்து குடும்பம் நடத்தியது பெரும்பாலும் அமீர்பேட் பஸ் நிறுத்தத்தில்தான்.

வீடு இல்லாமல் இல்லை. சிகந்திராபாத்தில், ரயில்வே காலனியை ஒட்டிய தெருவில், இரண்டு அறையும் துணி காயப்போட ஒரு பால்கனியுமாக நல்ல வீடே இருந்தது. ஆனால் அந்த வீட்டில் இருவரும் ஒரே சமயத்தில் விழித்திருப்பது அபூர்வம். ரோகிணி, பெருநகர் ஊர்தி வாரியத்தில் கண்டக்டர், காலை ஷிஃப்ட். நந்தகுமார் அதே வாரியத்தின் பேகம்பேட் டிப்போவில் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன், மாலை ஷிஃப்ட். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பெயர் ஓடும் எல்இடி பலகை, 'அடுத்த நிறுத்தம்' என்று பேசும் பெட்டி, கேமரா, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, பஸ் எங்கே இருக்கிறது என்று மேலிடத்துக்குக் கோள் சொல்லும் ஜிபிஎஸ் பெட்டி, இவை எல்லாவற்றையும் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவன் வேலை. பகலெல்லாம் பஸ்கள் ரோட்டில் திரியும். அவை திரும்பி வந்த பிறகுதான் அவன் கை வைக்க முடியும். ஆகவே அவள் இறங்கும் நேரம் அவன் ஏறும் நேரமாக அமைந்துபோனது.

தினமும் பிற்பகலில் மெட்ரோ தூண் ஒன்றின் நிழலில் சந்திப்பார்கள். அவன் வீட்டுச் சாவியை அவள் கையில் கொடுப்பான்.

"கொத்தமல்லி வாங்கி வெச்சிருக்கேன். பால் காய்ச்சி மூடி வெச்சிருக்கேன்."

"நேத்து ரசத்த ஏங்க குடிக்கல? பூனைக்கா வெச்சேன்?"

"வந்தப்ப நீ நல்லா தூங்கிட்டிருந்தே. தனியா என்ன ரசம் வேண்டிக்கிடக்கு?"

அதற்குள் அவனுடைய பஸ் வந்துவிடும். இன்னொரு சாவி செய்து வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டவர்களுக்கு இருவருமே பதில் சொன்னதில்லை. செய்துவிட்டால் அப்புறம் எதைச் சாக்கிட்டுச் சந்திப்பது?

வேலூரிலிருந்து நந்தகுமாரின் அம்மா வள்ளியம்மாள் வாரம் தவறாமல் போன் செய்வாள். "என்னப்பா, ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்பாள். அந்த விசேஷம் பஸ் நிறுத்தத்தில் நிகழக்கூடியதல்ல என்பதைப் பெற்ற தாயிடம் எப்படிச் சொல்வது? "பாக்கலாம்மா" என்பான்.

வாரியத்தின் விதிகளில் ஒரு நல்ல விதியும் இருந்தது. கணவனும் மனைவியும் ஒரே ஊரில் பணிபுரிந்தால் ஒரே ஷிஃப்ட் கேட்கலாம். 'கேட்கலாம்' என்றுதான் இருந்தது. கொடுப்போம் என்று எங்கும் இல்லை. இருவரும் வருஷக்கணக்காகக் கேட்டார்கள். அந்த வருஷம் தசராவுக்கு முன்னால், யாரோ செய்த புண்ணியத்தில், கொடுத்தேவிட்டார்கள். அடுத்த மாதம் பிறந்ததும் இருவருக்கும் காலை ஷிஃப்ட்.

ரோகிணி அன்றே போய் ஒரு மடக்கு மேசையும் இரண்டு நாற்காலியும் வாங்கிவந்தாள். அதுவரை அந்த வீட்டில் சாப்பாட்டு மேசைக்குத் தேவையே வந்ததில்லை.

தசரா வந்தது. ரோகிணியின் பஸ்ஸை ஓட்டிய டிரைவர் உமேஷ் பெரிய பக்திமான். டாஷ்போர்டின் மேல் ஜிபிஎஸ் ஆன்டெனா உட்கார்ந்திருந்தது. கறுப்பாக, வழவழவென்று, உள்ளங்கையில் அடங்கும் அளவில் இருந்த அதை, பொருத்திய நாளிலிருந்தே உமேஷ் சிவலிங்கமாகப் பாவித்துவந்தார். காலையில் பூ வைப்பார், விபூதி பூசுவார். நந்தகுமார் எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தான்.

"அது சாட்டிலைட்டோட பேசற கருவிண்ணா."

"சாட்டிலைட்டுக்கும் மேல இருக்கறது யாரு தம்பி? அவரேதானே?" என்றார் உமேஷ். நிஜாமாபாத் பக்கத்துக்காரர், தமிழை ரோகிணியிடம் கற்றுக்கொண்டிருந்தார்.

தசரா அன்று பஸ்ஸுக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, முடிவில் ஒரு தேங்காயை இரண்டாகப் பிளந்து அந்தத் தண்ணீரை அப்படியே ஆன்டெனாவின் தலையில் விட்டார். "அண்ணா, நக்கோ! வேணாம்! அது கரண்ட்டு சாமான்!" என்று ரோகிணி ஓடிவருவதற்குள் அபிஷேகம் முடிந்துவிட்டது.

தண்ணீர் ஒயர் இணைப்புக்குள் இறங்கியது. ஜிபிஎஸ் பெட்டிக்கு வானத்தோடு இருந்த உறவு அறுந்தது. அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. தெரியாது என்று சொல்லத் தெரியாது. தெரியாவிட்டால் பூஜ்யம், பூஜ்யம் என்று சொல்லும். பூமியின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பூஜ்யத்தில் சந்திக்கும் இடம் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையைத் தாண்டி, அட்லாண்டிக் கடலில் இருக்கிறது.

மறுநாள் காலை நந்தகுமாருக்கு கச்சிபௌலியிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் உச்சி மாடியில்தான் வாரியத்தின் ஒருங்கிணைந்த நேரடிக் கண்காணிப்பு மையம் இருந்தது. சுவர் முழுக்க ஒரே திரை, அதில் நகரம், நகரத்தில் பச்சைப் புள்ளிகளாகப் பஸ்கள். தலைமைக் கண்காணிப்பு அதிகாரி அனந்தகிருஷ்ணன் திருச்சிக்காரர். ஆபீசில் எல்லோரிடமும் ஆங்கிலம் பேசுவார். நந்தகுமாரிடம் மட்டும் தமிழ். திட்டுவதற்கு அதுதான் வசதி.

"உங்க வொய்ஃப் எங்கேய்யா?" என்றார்.

"டூட்டியில சார். இந்நேரம் மெஹிதிப்பட்டணம் தாண்டியிருப்பா."

"திரும்பிப் பாரும்."

திரையில் நகரத்தைக் காணவில்லை. ஒரே நீலம். நீலத்தின் நடுவே ஒற்றைப் பச்சைப் புள்ளி, எந்தக் கவலையும் இல்லாமல் மினுக்கிக்கொண்டிருந்தது.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து அட்லாண்டிக் சமுத்திரத்துல நிக்கிறது உங்க வீட்டம்மா பஸ். யார் பர்மிஷன்ல போனாங்க?"

"சார், ஆன்டெனா ஒயர்ல தண்ணி போயிருக்கு. கழட்டித் தொடச்சு மாட்டினா சரியாயிடும். ரெண்டு நிமிஷ வேலை."

"தண்ணி போயிருக்குங்கறதைத்தானே நானும் சொல்றேன்? கடல்ல இருந்தா போகாம என்ன செய்யும்?"

நந்தகுமார் போனை எடுத்து ரோகிணியை அழைத்து, அவர் காதருகே நீட்டினான். "இவ குரலக் கேளுங்க சார். பின்னால ஹாரன் சத்தம் கேக்குது பாருங்க."

"ஏன், கப்பல்ல ஹாரன் கிடையாதா?"

அவன் ஜன்னலோரம் போனான். அவன் அதிர்ஷ்டம், அந்தப் பஸ்ஸின் தடம் அதே சாலைதான். கீழே, ஐடி கம்பெனி வண்டிகளுக்கு நடுவே சிக்கி, சிவப்பாக, தசரா மாலை காயாமல், அது நின்றுகொண்டிருந்தது. படிக்கட்டில் ரோகிணி நின்றபடி யாரையோ உள்ளே தள்ளிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சார், சார், இங்க வாங்க! அதோ நிக்குது பாருங்க! அதோ அவதான்!"

அனந்தகிருஷ்ணன் எழுந்து வந்தார். பார்க்கவும் பார்த்தார். பிறகு திரைச்சீலையை இழுத்து மூடினார்.

"நந்தகுமார், இந்த மையத்தைக் கட்ட எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? மந்திரி வந்து திறந்துவெச்சார். ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தே பஸ்ஸைக் கண்டுபிடிச்சிடலாம்னா நான் எதுக்கு, இந்தச் சுவர் எதுக்கு? ஜன்னல் அங்கீகரிக்கப்பட்ட கண்காணிப்புக் கருவி இல்லை. பஸ் ஆயிரம் இடத்துல நிக்கும். எங்கே நிக்கிறதுங்கறதை முடிவு பண்றது நாங்க."

வெளியேறும்போது கடைசியாக ஒன்று சொன்னார். "அப்புறம், அந்த ஷிஃப்ட் சலுகை. ஒரே ஊர்ல இருக்கிற தம்பதிக்குத்தான். நீர் ஹைதராபாத்ல, அவங்க அட்லாண்டிக்ல. எப்படி முடியும்? நிறுத்திவெச்சிருக்கேன்."

அன்று பிற்பகல் அமீர்பேட் தூண் நிழலில் விஷயத்தைக் கேட்டதும் ரோகிணி முதலில் சிரித்தாள். "அவ்வளவு தூரம் போய்ட்டு ஒரு வஞ்சிர மீன் கூட வாங்கியாரலியான்னு உங்கம்மா கேப்பாங்க" என்றாள். சாவியை வாங்கும்போதுதான் அவள் முகம் மாறியது. "அப்ப மேசை?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும். சரி பண்ணிடறேன்" என்றான் நந்தகுமார்.

சரி பண்ணுவதற்கு இரண்டு நிமிஷமும் ஒரு சின்ன ஸ்பேனரும் போதும். ஆனால் ஜிபிஎஸ் பெட்டியிலும் ஒயரிலும் வாரியத்தின் முத்திரை ஒட்டியிருந்தது. உத்தரவில்லாமல் தொட்டால் தடயத்தை அழித்த குற்றம், வேலை போய்விடும். உத்தரவு வேண்டுமானால் பஸ் டிப்போவுக்குள் இருக்க வேண்டும். அன்று மாலை பஸ்ஸை டிப்போவுக்குக் கொண்டுவந்தார்கள். ரோகிணியும் வீட்டுக்குப் போகாமல் கூடவே வந்தாள். வாசலில் கேட் கிளார்க் ஜுலைகா கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டிவிட்டுக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். வாணியம்பாடிக்காரர்களின் பேத்தி, ரோகிணிக்குப் பள்ளிக்கூடத் தோழி.

"என்னாடி இது, சமுந்தரம்னு காட்டுது?"

"கண்ணு முன்னால நிக்குதுல்ல? கேட்டத் தொறடி."

"நிக்குது, ஹவ், ஆமா. நா இல்லேன்னா சொன்னேன்? ஆனா இதுல இல்லியே. இதுல இல்லாத பஸ்ஸ உள்ள விட்டா ஏன் விட்டேன்னு என்னத்தான் கேப்பாங்க. நாளைக்கு நெசமாவே அந்த பஸ்ஸு சமுந்தரத்துலேர்ந்து வந்து நின்னா எங்கடி எடம் குடுப்பேன்?"

பஸ்ஸை வெளியே மதிலோரம் நிறுத்தினார்கள். அதன்பின் அது அங்கேயே வந்து நிற்பதும், அங்கிருந்தே கிளம்புவதும் வழக்கமாயிற்று. டிப்போவுக்குள் இருந்தால்தான் பழுது பார்க்கலாம். பழுது பார்த்தால்தான் டிப்போவுக்குள் வரும். நந்தகுமார் தினமும் மதிலுக்கு உள்ளே நின்று, வெளியே நிற்கும் பஸ்ஸின் முதுகைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. அதன் தலைவரும் அனந்தகிருஷ்ணன்தான். ஏனென்றால் கடலைப் பற்றி வாரியத்தில் அனுபவம் உள்ளவர் அப்போதைக்கு அவர் ஒருவரே. முதலில் உமேஷைக் கூப்பிட்டார்கள்.

"தண்ணீரில் ஓட்ட லைசென்ஸ் இருக்கா?"

"ஹெவி லைசென்ஸ் ஒண்ணுதான் சார் இருக்கு. நா பொறந்ததுலேர்ந்து சமுத்திரமே பாத்தது லேது." பிறகு கொஞ்சம் ஆசையாகக் கேட்டார். "எப்டி சார் இருக்கு அங்க?"

அடுத்து ரோகிணி.

"பயணிகள் எல்லாம் எங்கே ஏறினாங்க?"

"எப்பவும் ஏறற எடத்துலதான் சார். அமீர்பேட்ல பாதிப் பேர். எல்லாம் கோச்சிங் கிளாஸ் பசங்க."

"அவங்களுக்கு எந்த ஊருக்கு டிக்கெட் கொடுத்தீங்க?"

"கச்சிபௌலிக்கு."

அனந்தகிருஷ்ணன் குழுவின் மற்ற இரண்டு உறுப்பினர்களையும் அர்த்தத்தோடு பார்த்தார். "நோட் பண்ணிக்குங்க. கச்சிபௌலிக்கு டிக்கெட் கொடுத்துட்டு அட்லாண்டிக்குக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க."

"சார், எல்லாரும் கச்சிபௌலிலதான் எறங்கினாங்க!"

"அப்படின்னு அவங்க நினைச்சிருக்காங்க."

ரோகிணி கெட்டிக்காரி, குடித்துவிட்டு ஏறுகிறவர்களையே ஒரு பார்வையில் உட்காரவைக்கிறவள். அவளே அன்று சாவி வாங்க வந்தபோது நந்தகுமாரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, நா இங்கதானே இருக்கேன்?" என்று கேட்டாள். அவன் பஸ்ஸைத் தவறவிட்டான். அடுத்த பஸ் வரும்வரை அவள் கையை விடவில்லை. லேட்டாக வந்ததற்கு அவனுக்கு மெமோ கிடைத்தது.

மாதம் பிறந்தது. காலை ஷிஃப்ட் வந்தபாடில்லை. மடக்கு மேசை மடங்கியபடியே கட்டிலுக்கடியில் கிடந்தது.

இதற்கிடையில் வாரியத்தின் ஆண்டு விழா வந்தது. எல்லாப் பஸ்களின் நடத்தையையும் கம்ப்யூட்டர் தானாகவே கூட்டிக் கழித்து மதிப்பெண் போட்டது. முதலிடம் பெற்றது ரோகிணியின் பஸ். பேகம்பேட்டில் ஒரு ஏசி ஹாலில் விழா. பஸ் வர முடியாததால், அதில் கருவி பொருத்தியவன் என்ற முறையில் நந்தகுமாரை மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். வாரியத் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! இந்தப் பஸ்ஸைப் பாருங்கள். ஒரு முறைகூட நெரிசலில் சிக்கவில்லை. சிக்னலை மீறவில்லை. பள்ளத்தில் இறங்கவில்லை. மழைத் தண்ணீரில் நிற்கவில்லை. நிறுத்தத்தில் நிற்காமல் போனதாக ஒரு புகார் உண்டா? இல்லை. யார் மீதாவது மோதியதா? இல்லை. நம்முடைய மற்ற பஸ்களுக்கு என்ன குறை? அவை இந்த நகரத்தில் ஓடுகின்றன. அதுதான் குறை! நம் பஸ்கள் அனைத்தும் நகரத்துக்கு வெளியே இருந்துவிட்டால் நம் வாரியம் எவ்வளவு உயர்ந்த சேவை ஆற்றும் என்பதை இந்த ஒரு பஸ் நிரூபித்துவிட்டது."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தலைவர் உணர்ச்சிவசப்பட்டு நந்தகுமாரின் தோளைத் தட்டினார். "தம்பி, உனக்கு என்ன வேண்டும்? கேள்!"

ஒரே ஷிஃப்ட் வேண்டும் என்று கேட்கத்தான் நாக்கு துடித்தது. ஆனால் அதற்கு முதலில் ரோகிணி ஊர் வந்து சேர வேண்டுமே. "அந்தப் பஸ்ஸோட ஆன்டெனாவைத் தொடறதுக்கு ஒரு உத்தரவு வேணும் சார்" என்றான்.

"இவ்வளவுதானா?" என்றார் தலைவர். அங்கேயே, பொக்கே சுற்றியிருந்த காகிதத்தின் பின்புறத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முன்வரிசையில் அனந்தகிருஷ்ணனின் முகம் சுருங்கியது.

நந்தகுமார் சால்வையைக்கூடக் கழற்றாமல் டிப்போ மதிலோரத்துக்கு ஓடினான். ரோகிணி டூட்டி முடிந்து, படிக்கட்டில் உட்கார்ந்து பையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது, மாப்பிள்ளை மாதிரி வரீங்க?"

"போன் டார்ச்ச அடி. இப்டி காட்டு."

அவன் டாஷ்போர்டின் மேல் குனிந்தான். உமேஷ் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பூவை எடுத்தார். ரோகிணி அவன் தோளுக்கு மேல் சாய்ந்து வெளிச்சம் பிடித்தாள். அவள் வளையல் அவன் காதோரம் உரசியது. ஒயர் முனையைக் கழற்றினான். பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. பிரஷ்ஷால் தேய்த்து, ஊதி, துணியால் ஒற்றி, மறுபடி திருகினான். கல்யாணமான இத்தனை காலத்தில் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அதுதான் முதல் தடவை. இன்னும் கொஞ்சம் திருக இருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

பெட்டியில் சிவப்பு விளக்கு கொஞ்ச நேரம் யோசித்தது. பச்சையாயிற்று.

"வந்துட்டியா?" என்றான்.

"வந்துட்டேங்க" என்றாள் ரோகிணி.

கேட்டில் ஜுலைகா கையை ஆட்டிக் கத்தினாள். "ஏ ரோகிணி! இப்ப காட்டுதுடி! வா உள்ள, வா!"

கேட் திறந்தது. அன்று டிப்போவில் இருந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்று கைதட்டினார்கள். கச்சிபௌலியிலும் தட்டினார்களாம். அது கொஞ்ச நேரம்தான். அப்புறம் அந்தச் சுவர் முழுக்கச் சிவப்பாகி அலற ஆரம்பித்தது. நந்தகுமாரின் போன் அடித்தது.

"நந்தகுமார், உங்க வொய்ஃப் பஸ் இப்ப எங்கே?" அனந்தகிருஷ்ணனின் குரலில் ஒரு புதுத் தெம்பு இருந்தது.

"டிப்போவுல சார். வந்துடுச்சு சார்!"

"கொஞ்ச நேரம் முன்னால எங்கே இருந்தது?"

"கடல்ல சார்" என்றான்.

"அட்லாண்டிக்லேர்ந்து பேகம்பேட்டுக்கு ஒரே நொடியில வந்திருக்கு. சிஸ்டம் ஸ்பீடு கணக்குப் போட்டுக் காட்டுதுய்யா, திரையில அந்த நம்பர் அடங்கலை. வழியில எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை ஆஸ்பத்திரி! நினைச்சுப் பாத்தீரா? அந்தப் பஸ்ல வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தினது யார்?"

"நான்தான் சார்."

"அது ஏன் தடுக்கலை?"

பொழுது சாய்வதற்குள் மூவரையும் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அதிவேகமாக ஓட்டியதற்கு உமேஷ். பக்கத்தில் இருந்தும் தடுக்காததற்கு ரோகிணி. கருவி சரியில்லாததற்கு நந்தகுமார். உமேஷ் மட்டும் அதிகமாக வருத்தப்படவில்லை. "அந்த வண்டி அறுபதுக்கு மேல போகவே போகாதும்மா. நானா அவ்ளோ ஓட்டினேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே போனார்.

மறுநாள் சாயங்காலம் நந்தகுமாரும் ரோகிணியும் வீட்டில் இருந்தார்கள். இருவரும், ஒரே சமயத்தில், விழித்தபடி. அது எப்படி என்று இருவருக்குமே பழக்கமில்லை. சமையலறையில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அவன் கொத்தமல்லி நறுக்கினான். இவ்வளவு பெரிசாகவா நறுக்குவார்கள் என்று அவள் பிடுங்கிக்கொண்டாள். மேசையைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து விரித்தார்கள். ஒரு கால் சற்றே ஆடியது. அவன் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தான். ரசம் கொதிக்கும் வாசனை எழுந்தது.

"வேலை போயிடுமாங்க?"

"தெரியல."

"பயமாத்தான் இருக்கு." அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஆனா இங்க உக்காந்து உங்க மூஞ்சியப் பாக்க நல்லாருக்கு. அது ஏன்னு தெரியல."

அப்போது வள்ளியம்மாள் போன் செய்தாள். "என்னப்பா, ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்றாள்.

நந்தகுமார் முதல் தடவையாகச் சிரித்தான். "இருக்கும்மா. ரெண்டு பேரும் வீட்லதான் இருக்கோம்" என்றான்.

போனை வைத்ததும் இரண்டு போன்களிலும் ஒரே நேரத்தில் மணி ஒலித்தது. வாரியத்திலிருந்து செய்தி. பணியிடை நீக்கத்தில் உள்ளவர்கள் தலைமறைவாகிவிடாமல் இருக்க, விசாரணை முடியும்வரை தினமும் நேரில் வந்து உட்கார வேண்டும். ரோகிணி காலையிலிருந்து பிற்பகல்வரை பேகம்பேட் டிப்போவில். நந்தகுமார் பிற்பகலிலிருந்து இரவுவரை கச்சிபௌலி மையத்தில். ஒரே குற்றத்தில் சம்பந்தப்பட்ட இருவர் சந்தித்துப் பேசி வாக்குமூலத்தை ஒன்றாக்கிவிடக் கூடாது என்பதால் நேரம் இவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது.

ரோகிணி படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு எழுந்து போய் ரசத்தை இறக்கி, அவன் தட்டில் சாதம் போட்டு, குழி பண்ணி ஊற்றினாள். "சூடா இருக்கறப்பவே சாப்பிடுங்க" என்றாள்.

மறுநாள் பிற்பகல் அமீர்பேட்டில், மெட்ரோ தூணின் நிழலில் அவன் காத்திருந்தான். அவளுடைய பஸ் வந்து நின்றது. அதே சிவப்பு பஸ். வேறு டிரைவர், வேறு கண்டக்டர். ஆன்டெனாவின் தலையில் புதுப் பூ இருந்தது. 'அமீர்பேட்' என்று பெட்டி தெளிவாக அறிவித்தது. கச்சிபௌலிச் சுவரில் அந்நேரம் அமீர்பேட்டின்மேல் ஒரு பச்சைப் புள்ளி, ஒரு மில்லிமீட்டர் கூடப் பிசகாமல் நின்றிருக்கும். நன்றாக வேலை செய்திருந்தான் நந்தகுமார்.

ரோகிணி பயணியாக இறங்கினாள். அவன் சாவியை நீட்டினான்.

"ராத்திரி ரசம் மீந்துது. சுட வெக்கட்டுமா, நீங்க வந்து..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"நீ தூங்கு" என்றான்.

பஸ் அவனுக்காக உறுமியது. அவன் படியில் கால் வைத்தான். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் கீழே, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏங்க," என்றாள் ரோகிணி, "அந்த ஆன்டெனா திருகாணிய அன்னிக்கு மறுபடி கழட்ட முடியாதபடி இறுக்கிட்டீங்களா?"